மனு எண் 38: பகுதியாக ஏற்கப்பட்டது

வார்டு எல்லைகளைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றி வரைவார்கள். போன தடவை வரைந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நகரசபை அலுவலகத்தின் பின்பக்கச் சுவரில், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு மேலே ஒரு தாளை ஒட்டிவிட்டு, பொதுமக்களுக்கு அறிவித்தாயிற்று என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தாளை நாங்கள் பார்த்தபோது ஆட்சேபணைக் கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கால்வாய்க்கரையை மூன்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பெரிய வார்டின் ஓரத்தில் ஒட்டுப்போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்களுக்கு மூன்று கவுன்சிலர்கள். மூன்று பேர் இருந்தால் மூன்று மடங்கு வேலை நடக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் கால்வாயை ஒரு நடை வந்து பார்க்கலாம். தூர்வாரும் இயந்திரம் பதினான்காம் வார்டின் எல்லை வரைக்கும் வரும். நிற்கும். திரும்பிப் போகும். அள்ளிப்போட்ட சேறு அடுத்த மழையில் பதினைந்தாம் வார்டுக்குள் இறங்கும். பதினைந்தின் கவுன்சிலரிடம் போனால் பதினாறைக் கை காட்டுவார். பதினாறுக்காரருக்கு நாங்கள் உயிரோடு இருப்பதே ஞாபகம் இருக்காது. அவருடைய ஓட்டெல்லாம் மேட்டுப்பக்கத்து பங்களாக்களில் இருக்கிறது.

முதலில் கொதித்தது என் அக்காதான். கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஊரே அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். யாருக்கு எந்தப் படிவம் வேண்டும், எதில் எத்தனை போட்டோ ஒட்ட வேண்டும், எந்த அலுவலகத்தில் எந்த ஆள் இழுத்தடிப்பான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பதினைந்தாம் வார்டில் நின்றாள். அறுபத்து மூன்று ஓட்டில் தோற்றாள். அவளுக்குப் போட்டிருக்கக்கூடிய கால்வாய்க்கரை ஆட்களில் பாதிப் பேர் பதினாலிலும் பதினாறிலும் இருந்தார்கள். வாக்குச்சாவடி வாசலில் நின்று, "உங்களுக்குப் போட முடியலையே அக்கா" என்று மூக்கால் அழுதுவிட்டுப் போனார்கள். வீடு எந்த வார்டில் இருக்கிறதோ அந்த வார்டில்தான் ஒருவர் நிற்கவும் முடியும், ஓட்டுப் போடவும் முடியும். எங்கள் ஊர்ச் சட்டம் அப்படி.

தோற்ற மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். முதல் ஆளுக்கு இரண்டு பக்கமும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அடுத்த தடவை கோடு போடும்போது நாம அங்க இருக்கணும்டா."

இருந்தோம். அதுதான் இந்தக் கதை.

மொத்தம் நாலு பேர். அக்கா, நான், மருந்துக்கடைக்காரர், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். என்னை எல்லாரும் மீட்டர் என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மின்சார ரீடிங் எடுக்கிறவன். எந்தச் சந்து எங்கே முட்டும், எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரியும் என்று எனக்குத் தெரியும் என்பதால் வரைபடம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் பலகை போட்டு உட்காருவோம்.

டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போடும் என்று ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆள் கணக்கு, தெரு, கால்வாய், பாலம், இவ்வளவுதான். மீறினவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் டீ போட வேண்டும். மருந்துக்கடைக்காரர்தான் அதிகம் டீ போட்டார். "பொதுவாத்தானே சொன்னேன்" என்று முனகிக்கொண்டே போடுவார். அக்கா ஒரு தடவைகூடப் போட்டதில்லை. "அவனுங்க அவனுங்களுக்காகக் கோடு போட்டானுங்க. நாம நமக்காகப் போட்டா என்ன வித்தியாசம்?" என்பாள். அப்போது எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் வரைவு வெளியானது. பழைய அதே வெட்டு, அதே மூன்று துண்டு. கெடு முப்பது நாள். மாற்று வரைபடம் தரலாம், ஆனால் வார்டுக்கு ஆறாயிரம் பேர் கணக்கு, முந்நூறு கூடலாம், முந்நூறு குறையலாம், அதற்கு மேல் ஒரு ஆள் போனாலும் மனுவை வாங்க மாட்டார்கள். ஆள் கணக்கு பிளாக் வாரியாக இருக்கும். நாலைந்து தெரு சேர்ந்தால் ஒரு பிளாக். எங்கள் தெரு மாதிரி நீளமான தெரு என்றால் தனியாகவே ஒன்று. அந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்டதற்கு மூன்று தடவை அலையவிட்டு, கடைசியில் மை தீர்ந்த இயந்திரத்தில் எடுத்த ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். அக்கா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கசாப்புக் கடையில் அழுகின கறியைக் கொடுத்தால் பார்ப்பார்களே, அப்படி.

"டோனர் மாத்தக்கூட ஆள் இல்லையா அங்க? கண்ணாடியத் தொடைச்சு எத்தனை வருஷமாச்சோ."

தாளை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்து, எல்லா எண்ணையும் எப்படியோ படித்துவிட்டோம். பிளாக் நாற்பத்தேழு மட்டும் வெள்ளையாக இருந்தது. அதற்காக மறுபடி அலைய யாருக்கும் தெம்பில்லை. "அது எனக்குத் தெரிஞ்ச இடம்தான்" என்றேன். கால்வாய் வளைவில் இரண்டு வீடு, ஒரு பெரிய கட்டடம். கட்டடத்துக்கு வணிக இணைப்பு. ஒரு வீட்டில் ஐந்து பேர், இன்னொன்றில் நாலு. ஒன்பது என்று எழுதினேன். டீச்சர் கூட்டிப் பார்த்தார். எங்கள் பதினைந்தாம் வார்டு, கால்வாய்க்கரை முழுக்க ஒன்றாக, ஆறாயிரத்து இருநூற்று நாற்பத்து நாலு. மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். அக்கா அந்த வரைபடத்தை ஆறு பிரதி எடுத்தாள். ஒவ்வொரு பிரதியையும் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கெடு முடியும் நாளன்று நானும் டீச்சரும் போனோம். அக்காவால் வர முடியவில்லை. அன்றைக்குப் பரீட்சை விண்ணப்பத்துக்கும் கடைசி நாள், கடை வாசலில் பிள்ளைகள் பாலம் வரைக்கும் நின்றார்கள். இரண்டாவது மாடி ஜன்னலில் எங்கள் முறை வரும்போது மணி நாலு ஐந்து. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர், சளி பிடித்தவர், மேஜையில் கைக்குட்டை. நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மாதிரி கட்டோடு வாங்கி ஓரமாகப் போடாமல், எங்கள் பட்டியலைப் பதிவேட்டோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். அவர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நாப்பத்தேழுல ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க சார். எங்ககிட்ட இருநூத்தி இருபத்தொண்ணு இருக்கு."

"இருக்காதுங்க. அங்க ரெண்டு வீடுதான்."

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். விடுதி என்று எழுதியிருந்தது. தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்களின் விடுதி. இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஆறு வருஷமாக அந்தக் கட்டடத்துக்கு ரீடிங் எடுக்கிறேன். மீட்டர் வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காவலாளி கதவைத் திறப்பார், நான் எண்ணைப் பார்ப்பேன், குறிப்பேன், போய்விடுவேன். யூனிட் எகிறும், உள்ளே ஏதோ பட்டறை ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். வணிக இணைப்பு என்றால் அங்கே ஆள் குடியிருக்க மாட்டார்கள் என்பது எங்கள் வேலையில் ஊறிப்போன கணக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் தூங்கி எழுந்து தலைவாரிப் போகிற இடத்தை நான் ஆளில்லாத இடமாக்கியிருந்தேன். எந்த ஆட்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று இவ்வளவு நாள் நகரசபையைத் திட்டினோமோ, அதையே நான் செய்திருந்தேன்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை எடுத்து ஓரத்தில் கூட்டினார். "ஆறாயிரத்து நானூத்தி அம்பத்தாறு. நூத்தி அம்பத்தாறு பேர் ஜாஸ்தி தம்பி."

எழுத்தர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன். திருத்திக் குடுங்க. அதுக்கு மேல என் கையில இல்ல சார்."

சுவர் ஓரத்தில் ஒரு பெஞ்சு. வரைபடத்தை மடியில் விரித்தோம். ஓரத்தில் இருக்கிற ஒரு பிளாக்கைக் கழற்றிப் பக்கத்து வார்டில் சேர்க்க வேண்டும். குறைந்தது நூற்றைம்பத்தாறு பேர் உள்ள பிளாக். இருபத்தொன்பதைக் கழற்றினால் நூற்று நாற்பதுதான், போதாது. முப்பத்து மூன்றைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இருக்கிற முப்பத்து நாலு தீவாகத் தனியே நிற்கும். விடுதியையே கழற்றலாம் என்றால் அது நட்டநடுவில் இருக்கிறது. அதை வெளியே இழுக்க ஒரு நீள வால் வரைய வேண்டும். அப்படி வால் வரைகிறவர்களைத்தானே பத்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

முப்பத்தொன்று சரியாக இருந்தது. நூற்று அறுபத்தெட்டு பேர். ஓரத்தில் இருக்கிறது. எதையும் அறுக்காமல் பதினாறில் போய் ஒட்டிக்கொள்ளும். அழகான நேர்கோடு.

முப்பத்தொன்று எங்கள் தெரு. கீழ்வீட்டில் நான், மாடியில் அக்காவும் அத்தானும்.

டீச்சரின் விரல் முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் நின்றது, அதன்மேல் போகவில்லை. "அக்காவுக்கு ஒரு போன் போடுங்க" என்றார்.

மணி நாலு நாற்பது. போனை எடுத்தேன். அவள் பெயர் திரையில் வந்தது. போடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் அவளை நான் அதுவரை பார்த்த மாதிரி பார்க்க முடியாது. செய்டா என்று சொல்லிவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது. இரண்டில் எது பெரிய பயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் புதுக் கோடு வரைந்து, கீழே கையெழுத்துப் போட்டேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு எழுத்தர் முத்திரை குத்தி ஒரு எண் கொடுத்தார். முப்பத்தெட்டு.

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் சொன்னேன். காகிதக் கட்டை அடுக்கிக்கொண்டே கேட்டாள். விடுதிக் கதையைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் தெருவைச் சொன்னபோது அடுக்குவதை நிறுத்தினாள்.

"பதினாறுல நான் நின்னா யாருடா போடுவா? பங்களாக்காரங்களா?"

"போட மாட்டாங்க."

"எனக்கு ஒரு போன் போடத் தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. போடல."

இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள், மூடினாள். உள்ளே ஒன்றும் இல்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். அத்தான் நடுவில் மாட்டிக்கொண்டு, "உங்க அக்கா கேக்கச் சொன்னா, மோட்டார் போட்டியா?" என்று தூது வந்தார். நாலாம் நாள் காலையில் அவளே கீழே இறங்கி வந்து, என் வாசலில் நின்றபடியே பேசினாள்.

"மருந்துக்கடைக்காரரு நிக்கட்டும், அவரு வீடு பதினஞ்சுலதானே. நான் சொன்னா நம்ம ஜனம் போடும். கால்வாய்க்கரை ஒண்ணா இருந்தாப் போதும். நான் யாரு அங்க உக்கார்றதுக்குன்னே பொறந்தவளா?"

அக்கா ஒன்றை விட்டுக்கொடுத்தால் முழுசாக விட்டுக்கொடுத்துவிடுவாள், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவிட மாட்டாள். அன்றைக்கே மருந்துக்கடைக்காரரை உட்காரவைத்து, மேடையில் பேசுவது எப்படி என்று பாடம் எடுக்க ஆரம்பித்தாள். அந்த மனிதர் மாத்திரையைக்கூட மூன்று வேளைக்கு என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்படுகிறவர். பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

விசாரணை என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். டீச்சர் இரண்டே முக்காலில் முடித்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார், ஒருவர் போனைப் பார்த்தார். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். அதன்பிறகு ஐந்து மாசம் ஒரு தகவலும் இல்லை. நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். மூன்றாம் தடவை போகும் தெம்பு இல்லாமல் விட்டுவிட்டேன். வேலைக்கு நடுவில் கால்வாய் வளைவுக்குப் போகும்போதெல்லாம் விடுதிக் காவலாளியிடம் உள்ளே எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்ததும் அதையும் விட்டேன்.

இறுதி அறிவிப்பு வந்த அன்று அதே ஜன்னலுக்குப் போனேன். சளி எழுத்தருக்குச் சளி விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார், முப்பத்தெட்டு மனுல ஏத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. உங்களுதுதான்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன் என்று நினைக்கிறேன். புத்தகத்தைத் திருப்பிப் பக்கத்தைக் காட்டினார். மனு எண் 38 பகுதியாக ஏற்கப்பட்டது, பிளாக் 31, மனுதாரர்களின் கோரிக்கைப்படி, பதினைந்தாம் வார்டிலிருந்து பதினாறாம் வார்டுக்கு மாற்றப்படுகிறது. இதர கோரிக்கைகள் நிர்வாகக் காரணங்களால் நிராகரிக்கப்படுகின்றன.

மூன்று தடவை படித்தேன். மற்றபடி பழைய அதே வரைபடம். கால்வாய்க்கரை அதே மூன்று துண்டு. ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு நேர்கோடு, நான் வரைந்தது. அன்றைக்கு ஐந்து மணிக்கு ஜன்னலை மூடட்டும் என்று பேசாமல் வந்திருந்தால் அக்காவுக்கு அவளுடைய பதினைந்தாவது மிஞ்சியிருக்கும். அறுபத்து மூன்று ஓட்டுத்தானே, இந்தத் தடவை எட்டிப் பிடித்திருப்பாள்.

எழுத்தர் குழப்பத்தோடு பார்த்தார். "ஏன் சார், இதுதானே கேட்டீங்க?"

கடைக்குப் போனேன். டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். தாளை அக்காவிடம் கொடுத்தேன். படித்தாள். பழக்கதோஷம், அச்சு தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கோரிக்கைப்படின்னு போட்டிருக்கான்" என்றாள்.

மருந்துக்கடைக்காரர், அந்த நேரத்தில் முகத்தில் வரக்கூடாத ஒரு நிம்மதியோடு, மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் நிக்க வேண்டாமா?"

"நின்னு என்ன பண்றது? பதினஞ்சுல இருக்கிற நம்ம ஜனம் பழைய பாதிதான். அதுவும் உங்க தெரு போக" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அழுதார். கணக்கு டீச்சர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அக்காதான் டீ போட்டாள்.

இருவரும் போனபிறகு ஷட்டரை இறக்க உதவினேன். "அக்கா, நான் அன்னிக்கு விட்டிருக்கணுமா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலடா. செஞ்சது தப்புன்னு சொல்ல முடியல. அதான் இன்னும் எரிச்சலா வருது. தப்புன்னா உன்னைத் திட்டிட்டுத் தூங்கிடுவேன்."

பூட்டை மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தோம். அடுத்த தடவை கோடு போடும்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு பேருமே மனதுக்குள் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரத்தில் எங்கள் தெருவுக்குத் தார் வந்தது. பதினாறாம் வார்டுக் கவுன்சிலர் புது ஓட்டர்களுக்கு வணக்கம் சொல்லி அட்டை அடித்து ஒட்டினார். தெருவிளக்கு எல்லாம் எரிந்தது. சனிக்கிழமை காலையில் நானும் அக்காவும் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் சூடு ஆறாத தாரை ஒதுங்கிக் கடந்து, கைகூப்பிக்கொண்டே வந்தார்.

"உங்க மனுவாலதான் நம்ம தெருவுக்கே விடிஞ்சுதாமே. பேப்பர்ல போட்டிருக்கான். வாடகைகூட ஏத்தலாம் இனிமே. இத்தனை வருஷமா எதுக்கு இப்படி நாயா அலையுறீங்கன்னு நெனைச்சேன். இப்பத்தானே புரியுது. பெரிய உபகாரம் ஜெராக்ஸ் அம்மா."

அக்கா சிரித்த முகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. கோடு போட்டது இவன்."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.